விசிலுக்குப் பிறகு

"பதிவுல விழுந்த அந்தக் குக்கர் விசிலை மட்டும் எடுத்துத் தாங்க மாஸ்டர். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அமலி.

அவள் வீட்டுக்கு வந்திருந்த இத்ரீஸ் அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆனாலும் அவளுக்கு மாஸ்டர்தான். வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய அவளுக்குக் கற்றுத் தந்தவர் அவர். மைக்கை எங்கே நிறுத்துவது, சன்னலில் போர்வையை எப்படித் தொங்கவிடுவது, எல்லாம்.

"பாட்டு இன்னும் முடியலையா?"

"எப்படி முடியும்? சரணத்துக்கு வந்தாப் போதும், பக்கத்து வீட்டு முத்துக்கனியக்கா குக்கரை ஏத்திருவாங்க. நடுவுல ஒரே சுவர். போய்க் கேட்டேன். 'நீ பாடுதேன்னு எம்பிள்ளைக வேகாத அரிசியவா திங்கும்?'னு கேக்காங்க."

இத்ரீஸுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஓர் இசைக்குழுவோடு கல்யாண மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள். என் பாட்டை நானே எழுதி, நானே பாடி, நானே வெளியிடுவேன் என்று குழுவை விட்டு வந்தாள். வருடம் ஒன்று போய்விட்டது. ஒரு பாட்டும் வெளியே வரவில்லை.

"குழுவுல திரும்பக் கூப்பிடுதாங்க. இன்னிக்குச் சாயங்காலம் போன் வரும். சரின்னு சொல்லிரப் போறேன்."

"பதிவெல்லாம் எங்கே?"

"அழிச்சாச்சு. நேத்துப் பாடினது மட்டும் கிடக்கு."

"போடுங்க."

பல்லவி முடிந்து அமலியின் குரல் சரணத்தில் எழுந்தது.

'கொடியில ஈரச்சேலை காயுமுன்னே...'

விசில். குரல் அறுந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம்.

நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள். இத்ரீஸ் மறித்தார்.

"ஓடட்டும்."

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல மாஸ்டர். பாட்டு நின்னுபோச்சு."

"நின்னது நீங்க."

ஒலியை முழுவதுமாகக் கூட்டினார். இரைச்சல். குழாயில் தண்ணீர் விழுந்தது. ஏதோ பாத்திரம் உரசியது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், ஒரு பெண்குரல்.

'...வந்திருவேன்னு சொல்லிப் போனவளே...'

அமலி அசையவில்லை.

குரல் அடுத்த அடிக்குப் போனது. அதற்கடுத்த அடிக்கும். முடிக்கிற இடத்தில் அமலி வைத்திருந்த சின்ன இழுப்பைக்கூட அது விடவில்லை.

"இந்தப் பாட்டை எங்கே வெளியிட்டீங்க?" என்று கேட்டார் இத்ரீஸ்.

"எங்கேயும் இல்லையே."

அவர் பையிலிருந்து இன்னொரு ஹெட்போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. குழுவின் மேலாளர்.

"இல்ல அண்ணே, வரல" என்றாள் அமலி. "எனக்குப் பதிவு வேலை இருக்கு."

ஹெட்போனோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

முத்துக்கனி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"இன்னும் அடுப்பே பத்தவைக்கல. அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டியாட்டி?"

"சண்டைக்கு வரலக்கா. பாடக் கூப்பிட வந்தேன். சரணத்தை நீங்க பாடணும்."

முத்துக்கனி ஹெட்போனைப் பார்த்தாள். அமலியைப் பார்த்தாள். கரண்டியை வாசற்படியிலேயே வைத்தாள்.

"எந்தச் சரணம்? போன மாசம் மாத்தினியே, அதா? பழசுதான்ட்டி நல்லாருந்துச்சு."