செந்நாயும் கற்ற பாடம்

இலுப்பைக் காட்டில் புள்ளிமான்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் மொத்தமே ஒரு பாடம்தான்.

“குரங்கு கத்தினால்?” என்று மிளகி டீச்சர் கேட்பாள்.

“ஓட வேண்டும்!”

“எந்தப் பக்கம்?”

“வடக்கே! ஓடையைத் தாண்டி!”

குட்டிகள் போடும் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். மரத்தின் உச்சியில் காவல் இருக்கும் கருமூஞ்சிக் குரங்கு காதைப் பொத்திக்கொள்ளும். சத்தம் கூடக்கூட மார்க்கும் கூடும். தலைமை வாத்தியார் கொம்பழகர் வகுத்த முறை அது.

அந்த மார்க்கில் எப்போதும் முதலிடம் தும்பை என்ற குட்டிக்குத்தான். ஒருநாள் காலையில் குரங்கு கத்தியது. மந்தை வடக்கே ஓடியது. எல்லோருக்கும் முன்னால் தும்பை ஓடினாள். ஓடைக்கரை நாணலுக்குள் செந்நாய்கள் படுத்திருந்தன. தும்பை திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து மிளகிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேயப் போனால் இரண்டு வாய்க்கு மேல் புல் இறங்காது. படுத்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. சொல்லிக்கொடுத்தபடியே செய்த பிள்ளை செத்துப்போனால், குற்றம் பிள்ளையுடையதா, சொல்லிக்கொடுத்தவளுடையதா? இதே கேள்வி காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி குடைந்துகொண்டிருந்தது.

பொறுக்கமாட்டாமல் கொம்பழகரிடம் போனாள்.

“ஐயா, நம்ம பாடத்துல ஏதோ கோளாறு இருக்கு.”

“என்ன கோளாறு? எங்க தாத்தா காலத்துப் பாடம். தும்பை சரியாத்தானே ஓடினா? நூத்துக்கு நூறு போட்டிருக்கேன்.”

“செத்துப்போயிட்டாளே, ஐயா.”

“அது வேற விஷயம். நாலு நாள்ல பரீட்சை. நானே வந்து கேப்பேன். ஒரு குட்டி முழிச்சாலும் உன் வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்.”

மிளகி திரும்பி வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பாடத்தை மாற்றுவது. குட்டிகளை வரிசையாக நிறுத்தினாள்.

“இனிமே வடக்கே ஓடக்கூடாது. மேற்கே, பாறைப் பக்கம் ஓடணும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க.”

“மேற்கே! மேற்கே!” என்று குட்டிகள் கத்தின.

எள்ளு என்ற குட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மந்தையிலேயே சிறியது அதுதான். உடம்பு எள்ளளவு, கேள்வி மலையளவு.

“நாய் மேற்கேயிருந்து வந்தா என்ன பண்றது, டீச்சர்?”

“அதிகப்பிரசங்கி! சொன்னதைச் சொல்லு.”

எள்ளு தலையைக் குனிந்துகொண்டது. மிளகிக்குக் கோபம் அடங்கவில்லை. காலை உதறிக்கொண்டு வகுப்பைச் சுற்றி நடந்தாள். புதருக்குப் பின்னால் போனதும் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே புல் நசுங்கிக் கிடந்தது. ஒன்றல்ல, ஏழெட்டுப் பேர் படுத்து எழுந்த தடம். அதில் இன்னும் சூடு இருந்தது. சுற்றிலும் செந்நாயின் கால் சுவடு.

செந்நாய்கள் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கின்றன! மார்க் மட்டும்தான் வாங்கவில்லை. “வடக்கே” என்று குட்டிகள் கத்தியதைக் கேட்டுத்தான் வடக்கே போய்ப் படுத்திருக்கின்றன. இப்போது “மேற்கே” என்பதையும் கேட்டாகிவிட்டது.

எந்தத் திசையைச் சொல்லிக்கொடுத்தாலும் இதே கதிதான் என்று அப்போது மிளகிக்கு விளங்கியது. அதைத்தானே அந்தப் பொடிசு கேட்டது. அதன் வாயை அடைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அவள் வகுப்பை மேட்டுக்குக் கூட்டிப்போனாள்.

“இன்னைக்கு யாரும் கத்தக்கூடாது. சுத்திப் பாருங்க. பார்த்ததை மெதுவாச் சொல்லுங்க.”

குட்டிகள் நெளிந்தன. ஒன்று காதைச் சொறிந்தது. ஒன்று குளம்பால் மண்ணைக் கிளறியது.

“விடை என்ன, டீச்சர்? அதைச் சொல்லிட்டா மனப்பாடம் பண்ணிடுவோமே.”

“விடை எனக்கே தெரியாது.”

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. டீச்சருக்குத் தெரியாதா? இப்படி ஒரு விஷயத்தை அவை கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குட்டி சொன்னது, “காத்து கிழக்கேயிருந்து வருது.” இன்னொன்று சொன்னது, “ஓடையில நாலு கொக்கு நிக்குது.” மிளகி ஒவ்வொன்றுக்கும் “அதனால?” என்று மட்டும் கேட்டாள். மூன்று நாளும் இதே வேலைதான். பரீட்சைக்கு ஒரு வரிகூடத் தயாராகவில்லை. வகுப்பு கைவிட்டுப் போகப்போகிறது என்ற பதைப்பு அவளை ஒரு நிமிடம் சும்மா நிற்க விடவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மந்தை முழுவதும் மேட்டில் கூடியது. கொம்பழகர் தொண்டையைச் செருமினார்.

“குரங்கு கத்தினால்?”

அவர் கேட்டு வாய் மூடவில்லை, உச்சியிலிருந்த குரங்கு நிஜமாகவே கத்தியது. தெற்கே, திறந்த புல்வெளியில் ஒரு செந்நாய் நின்றுகொண்டிருந்தது.

“வடக்கே!” என்று கொம்பழகர் பாய்ந்தார். நாற்பது மான்கள் அவர் பின்னால் திரும்பின. மிளகியின் கால்களும் பழக்க தோஷத்தில் வடக்கே திரும்பிவிட்டன.

“டீச்சர், நில்லுங்க,” என்றது எள்ளு.

“என்ன?”

“ஒரே ஒரு நாய்தான் இருக்கு. செந்நாய் தனியா வேட்டைக்கு வராதே. மத்ததெல்லாம் எங்கே?”

“காத்து தெற்கேயிருந்து அடிக்குது, டீச்சர்,” என்றது இன்னொரு குட்டி. “ஓடைப் பக்கம் யார் இருந்தாலும் நமக்கு வாசனை வராது.”

“ஓடையில ஒரு கொக்குகூட இல்லை,” என்றது எள்ளு. “அதுங்களை யாரோ விரட்டியிருக்காங்க.”

மிளகி வேறொன்றும் யோசிக்கவில்லை. நாலு தாவலில் மந்தைக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றாள்.

“வழியை விடு!” என்று கொம்பழகர் கத்தினார். “உன் வகுப்புக்குப் பூஜ்யம்!”

“பூஜ்யமே போடுங்க, ஐயா. ஓடையில கொக்கு எங்கேன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

கொம்பழகர் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம். கொக்கு இல்லை. காற்றுக்கு எதிராக நாணல் அசைந்தது. அவருடைய காது விறைத்தது.

“எங்கே ஓடறது?” என்று கேட்டார். அவர் ஒருவரிடம் விடை தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது.

“தெற்கே,” என்றது எள்ளு. “அங்கே ஒண்ணுதானே இருக்கு. நாம நாப்பது பேர்.”

கொம்புள்ளவர்கள் முன்னால் வந்தார்கள். மந்தை நேராக அந்த ஒற்றைச் செந்நாயை நோக்கிப் பாய்ந்தது. செந்நாய் திருதிருவென்று விழித்தது. குட்டிகள் ஒருநாள் “மேற்கே” என்று கத்தியிருந்தாலும், மந்தை கொம்பழகர் பின்னால் வடக்கேதான் ஓடும் என்று அதுவும் படித்திருந்தது. தன் பக்கம் வந்தால் என்ன செய்வதென்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. நாணலிலிருந்து மற்ற ஏழும் எழுந்து வருவதற்குள் மான்கள் புல்வெளியைத் தாண்டிப் போயிருந்தன. ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

மூச்சு வாங்கியபடி கொம்பழகர் எல்லோரையும் கூட்டினார்.

“நாளையிலேர்ந்து புதுப் பாடம். குரங்கு கத்தினால் தெற்கே ஓட வேண்டும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க!”

“ஏன், ஐயா?” என்று கேட்டது எள்ளு.

கொம்பழகர் தெற்கையும் வடக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மிளகி சிரிக்கவில்லை. தும்பையிடம் ஒரு தடவையாவது “நீ என்ன பார்க்கிறாய்?” என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்ணும் இங்கே நின்றிருப்பாளே என்று நினைத்தாள். “எள்ளு கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் பாடத்தை எடுங்க, ஐயா,” என்றாள்.

மனப்பாடம் செய்த விடை பகைவனுக்கும் தெரிந்துவிடும். பார்த்து, கேட்டு, யோசித்துக் கண்ட விடைதான் ஆபத்தில் நம்மைக் காக்கும்.