மீசை மங்காத வீடியோ

கொன்றையூர் ராஜா மாறவேளுக்கு வீடியோ என்றால் உயிர். ராஜா காலத்தில் ஏதப்பா வீடியோ என்று கேட்காதீர்கள். கதைக்குக் கால் உண்டா?

பட்டாபிஷேக விழாவில் அமைச்சர் அம்பலத்தரசர் வாழ்த்துரை வழங்கினார். வழங்கினார், வழங்கினார், வழங்கிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருந்த ராஜா கண்ணயர்ந்து, சிம்மாசனத்திலிருந்து தொப்பென்று விழுந்தார். கிரீடம் கடகடவென்று உருண்டது. அத்தோடு உரையும் முடிந்தது. எல்லாம் வீடியோவில் பதிவாகிவிட்டது!

இளவரசருக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் மறுநாள் வருகிறார்கள். வீடியோவைக் காட்டாவிட்டால் ராஜாவுக்குத் தூக்கம் வராது.

"நான் விழுந்ததை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டுங்கள்" என்றார்.

அமைச்சரின் மருமகன் வெட்டினான். வெட்டியதோடு விட்டானா? வீடியோ முழுவதையும் மறுபடி என்கோடு செய்தான், அதாவது பிழிந்து சுருக்கிப் புதிதாகப் பதிந்தான். ராஜாவின் மீசை, மூக்குக்குக் கீழே கரி அப்பியதுபோல் ஆகிவிட்டது. ராஜா குதித்தார்.

மருமகனைக் காப்பாற்ற அமைச்சர் முந்திக்கொண்டார். "வாய்ச்சவடால் வெண்காடனிடம் கொடுங்கள் மன்னா! மீசையில் ஒரு முடி மங்கக்கூடாது. என் உரையில் ஒரு சொல் குறையக்கூடாது. தவறினால் நாடு கடத்துங்கள்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அரசவைக் கோமாளி வெண்காடன் வீடியோவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவான்? மறுபடி என்கோடு செய்தால் மீசை போச்சு. செய்யாமல் வெட்டலாம், ஆனால் நினைத்த இடத்தில் கத்தி வைக்க முடியாது. அந்தக் கேமரா, திரும்பும்போது மட்டுமே ஒரு முழுப்படம் பிடிக்கும். அடுத்துத் திரும்பும்வரை அசைவுகளை மட்டும் குறித்துக்கொள்ளும். முழுப்படம் இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்டலாம். அப்படி எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் காலை, சம்பந்திகள் வருவதற்கு முன்பு சபையில் வீடியோ ஓடியது. மீசை முறுக்கிக்கொண்டு ஜம்மென்று நின்றது. அமைச்சர் மேடையேறி வாயைத் திறந்தார். அடுத்த நொடி ராஜாவுக்கு மாலை விழுந்தது!

"அடப்பாவி, என் உரை எங்கேடா?" என்று அலறினார் அமைச்சர். "மன்னா, இவனை நாடு கடத்துங்கள்!"

"மன்னா, நான் என்ன செய்வேன்?" என்று கைகட்டி நின்றான் வெண்காடன். "அமைச்சர் பேச ஆரம்பித்ததுமே கேமராக்காரனும் தூங்கிவிட்டான். கிரீடம் உருண்ட சத்தத்தில்தான் விழித்துக் கேமராவைத் திருப்பியிருக்கிறான். நடுவில் ஒரு முழுப்படம்கூட இல்லை. அமைச்சரின் உரையும் தாங்கள் விழுந்ததும் ஒரே துண்டு. வைத்தால் இரண்டையும் வைக்கவேண்டும். சம்பந்திகளுக்குக் காட்டிவிடலாமா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். பிறகு சேவகர்களைக் கூப்பிட்டார்.

"இனி அமைச்சர் பேசும் நாளில் கேமரா வேண்டாம். இரண்டு கட்டில் போடுங்கள். ஒன்று எனக்கு, ஒன்று கேமராக்காரனுக்கு!"