வாளியும் செம்பும்

இடுப்பெலும்பு முறிந்து கூடிய பிறகு, ஆசிரமத்துத் தையல்நாயகி அம்மையார் மீண்டும் நடக்கப் பழகினார். வாக்கரைப் பற்றிக்கொண்டு கழிவறைக்குத் தாமே சென்று திரும்ப அவரால் இயன்றது. வாளியைத் தூக்கத்தான் இயலவில்லை.

கழிவறையின் ஃப்ளஷ் தொட்டியில் வால்வு பழுதாகியிருந்தது. தொட்டி நிரம்பிய பின்னும் நீர் நிற்காமல் வழிந்ததால், அடியிலிருந்த குழாயை மூடி வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் அம்மையார் மணியடிப்பார். சீடப்பெண் செங்கமலம் நீர் நிறைந்த வாளியோடு ஓடி வருவாள்.

புது வால்வு வாங்கியாயிற்று. அது பிரிக்கப்படாமல் சன்னலில் கிடந்தது.

"பிளம்பரைக் கூப்பிட்டாயா?" என்று கேட்டாள், சமையல் செய்யும் பாக்கியம்.

"கூப்பிட வேண்டும், அக்கா."

"பங்குனியிலும் இதையேதான் சொன்னாய். அந்த வாளியை உன் பேருக்குப் பட்டா போட்டுவிட்டார்களா?"

செங்கமலம் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுக்குப் பாட வராது. நூல் ஓதவும் வராது. அந்த மணி ஒலிக்காமற்போனால் தனக்கு அங்கே என்ன இடம் இருக்கும் என்று அவள் அஞ்சினாள்.

மாலையில், அம்மையாரின் கட்டிலருகே இருந்த செம்பை எடுத்தாள். காலையில் வைத்த நீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சித்திரை வெயிலில் அம்மையாரின் உதடுகள் வெடித்திருந்தன. 'எங்கள் அம்மா தண்ணீரையும் துறந்துவிட்டார்' என்று, காண வருகிறவர்களிடம் அவள் பெருமையாகச் சொல்வதுண்டு.

"அம்மா, என் தொண்டில் குறை ஏதேனும் உண்டா?"

அம்மையார் அவள் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"நாளைக்கு அந்த வால்வை நீயே மாற்று."

"நானா? ஒரு திருகாணியைக்கூட நான் தொட்டதில்லையே!"

"நானும் தொட்டதில்லை. இருவருமாகப் பார்ப்போம்."

மறுநாள் காலை, கழிவறை வாசலில் நாற்காலி போட்டு அம்மையார் அமர்ந்தார். செங்கமலம் தொட்டியில் எஞ்சியிருந்த நீரைத் துணியால் ஒற்றியெடுத்தாள். அடியிலிருந்த நட்டைத் திருகிப் பழைய வால்வைக் கழற்றினாள். புதியதைப் பொருத்திக் குழாயைத் திறந்தாள். தொட்டியின் அடியிலிருந்து நீர் அவள் பாதங்களில் கொட்டியது.

"பார்த்தீர்களா? எனக்கு வராது, அம்மா."

"குழாயை மூடு. கழற்றிப் பார்."

தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷரை அவள் வெளியே மாட்டியிருந்தாள். சரிசெய்தாள். நட்டைக் கையால் திருகினாள்.

"இன்னும் இறுக்கட்டுமா?"

"பிடித்துக்கொண்டால் போதும். நெரிக்காதே."

மீண்டும் குழாயைத் திறந்தாள். நீர் ஏறியது, மிதவையும் உடன் ஏறியது. இரைச்சல் மெலிந்து, மெலிந்து, நின்றது. அடியில் ஒரு சொட்டுமில்லை.

அம்மையார் சிறுபிள்ளைபோல் கைதட்டினார். செங்கமலம் மூலையிலிருந்த வாளியைப் பார்த்தாள்.

"இனி என்னை எதற்காக அழைப்பீர்கள், அம்மா?"

"முதலில் போய் ஈரப் புடைவையை மாற்று."

நண்பகலில் அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே நீர் பாய்ந்து, தொட்டி நிரம்பி அடங்கும் ஓசை கேட்டது. மணி ஒலிக்கவில்லை.

"உத்தியோகம் போயிற்றா?" என்று தொடங்கிய பாக்கியம், அவள் கண்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, அவள் பக்கத்தில் அமர்ந்து தானும் கீரை ஆய்ந்தாள்.

சிறிது நேரத்தில் மறுபடியும் அதே ஓசை கேட்டது. அதன்பின் மணி ஒலித்தது.

செங்கமலம் பழக்கத்தில் வாளியை நிரப்பிக்கொண்டு ஓடினாள். கட்டிலில் அமர்ந்திருந்த அம்மையார் வாளியைக் கண்டு சிரித்தார். பிறகு செம்பை அவளிடம் நீட்டினார். அதில் ஒரு துளியும் இல்லை.

செங்கமலம் வெறும் செம்பையும் அம்மையாரின் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவர் குடிக்காதிருந்தது துறவால் அன்று, தன்னை வாளியோடு ஓடவைக்க மனமில்லாமல்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வாளியைக் கீழே வை, கண்ணே. இதை நிரப்பிக் கொண்டுவா. எனக்கு இன்னும் தாகம் தீரவில்லை."