சாமிக் குதிரைக்குப் புல் ஆகாது

“நன்றி கெட்ட குதிரை, தாயே. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது.”

சொன்னவர் மருதப்பத் தளவாய். வாளைக் கீழே வைத்துவிட்டு, தன் மகள் வயதுள்ள துறவி பூவாத்தாளிடம் சீடராகச் சேர்ந்தவர். ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட குதிரை ஒன்று மடத்தில் இருந்தது. அது அவர் பொறுப்பு.

பூவாத்தாள் லாயத்துக்கு வந்தாள். குதிரை படுத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவையே பார்த்தது.

“என்ன போட்டீரு?”

“நெய்ச்சோறு. வெல்லம் போட்ட கொள்ளு. பெத்த புள்ளைக்குக்கூட இப்படி ஊட்டினதில்ல.”

“புல்லு?”

“சாமிக் குதிரைக்குப் புல்லும் வைக்கோலுமா? வண்டி மாட்டுக்குத் தள்ளிட்டேன்.”

“சரி. மத்தவங்களுக்கு என்ன போட்டீரு?”

“மத்தவங்களா? இருக்கிறது ஒத்தைக் குதிரைதானே!”

அவள் குதிரையின் வயிற்றில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள்.

“உள்ள கோடிப் பேரு குடியிருந்தாங்க. கண்ணுக்குத் தெரியாத சனம். நாரையும் சக்கையையும் தின்னுட்டு, குதிரைக்குத் தெம்பு கொடுக்கிற சனம். இப்ப சத்தமே இல்ல.”

தளவாய் குனிந்து குதிரையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப என்ன செய்யணும், தாயே?”

“ஏரிக்கரையில வண்டிக்காரன் மட்டக்குதிரை மேயுது. அது போட்ட லத்தியை அள்ளித் தண்ணியில கரைச்சு, இது வாயில ஊத்தணும். அந்தச் சனம் அதுலதான் இருக்கு. பிழைச்சாலும் பிழைக்கும்.”

“லத்தியா? சாமிக் குதிரை வாயிலயா?”

“ஆமா.”

“தீட்டாக்க விடமாட்டேன். அபிஷேகத் தண்ணி தெளிச்சாப் போதும்.”

பூவாத்தாள் தானே போய் அள்ளி, ஒரு சட்டியில் கரைத்துக் கொண்டுவந்தாள்.

தளவாய் லாயத்து வாசலை மறித்து நின்றார். எத்தனையோ கோட்டை வாசல்களைக் காத்த மனிதர். அன்றைக்கு ஒரு பெண்ணையும் ஒரு சட்டியையும் உள்ளே விடாமல் காத்தார். அதில் ஜெயித்தும் விட்டார். சட்டியோடு அவள் வெயிலில் நின்றாள். அவர் அங்கிருந்தபடியே குதிரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் குதிரை செத்தது.

தளவாய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“உசிரையே வச்சிருந்தேனே, தாயே, இது மேல.”

பூவாத்தாள் சட்டியைக் கவிழ்த்தாள்.

“தெரியும். பட்டினி போட்டிருந்தா, கயித்தை அறுத்துக்கிட்டு மேயப் போயிருக்கும்.”