சிவப்புக் கோடு விழுந்த இடம்

சந்தானகோபாலனுக்குக் குரு வாய்த்ததே அறுபதை நெருங்கும்போதுதான். குரு திலகவதி அவரைவிட ரொம்பச் சின்னவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். மிருதங்கத்தில் அவருக்குக் கை பேசவில்லை, அது வேறு கதை. ஆனால் கம்ப்யூட்டரில் மனிதர் சூரர். அவள் வாசித்த பழைய கச்சேரிகளையெல்லாம் அதற்குக் கேட்கக் கொடுத்தார். பாட்டுக்கு அதற்குக் காது கிடையாது, மிருதங்கத்தை மட்டும் கேட்கும். எந்த அடி என்ன சொல் என்று பிரித்துச் சொன்னது. கொஞ்ச நாளில் அவள் பாணியிலேயே தானாகக் கோர்வை, அதாவது முத்தாய்ப்புச் சொற்கட்டு, கட்டவும் ஆரம்பித்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. தாளம் தப்பினால் சிவப்புக் கோடு போடச் சொல்லியிருந்தார். ஒரு கச்சேரியில் போட்டுவிட்டது: மிருதங்கம் தவறு.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கோடு அசையவில்லை. அந்தக் கச்சேரியைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். முதல்முதலாக மேடையேறிய ஒரு பெண்ணை மிருதங்கம் தடம்புரள வைத்துவிட்டது என்று பேசினார்களாம். கச்சேரி நடத்திய சபா அதற்குப் பிறகு திலகவதியைக் கூப்பிடவே இல்லை. எல்லாம் பொறாமைப் பேச்சு என்று அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றவர் அவர். இப்போது தான் பெற்ற பிள்ளையே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது.

மறுநாள் காலை லேப்டாப்போடு போய் நின்றார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க தப்பினீங்களா?"

பதில் சொல்வாள் என்று பார்த்தால், அவள் மிருதங்கத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு அவரைக் கையால் ஆதி தாளம் போடச் சொன்னாள். கம்ப்யூட்டரும் கேட்கட்டும் என்றாள்.

போட்டார். அவள் வாசிக்க வாசிக்க மனசு இளகியது. பாதியில் அவர் கண் மட்டும் ஒருதடவை திரைப்பக்கம் போய் வந்தது. கடைசியில் கோர்வை வைத்தாள். அவர் கை தொடையில் விழுந்த அதே நொடியில் வந்து முடித்தாள். இம்மி பிசகவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இந்தக் கையா தப்பும், கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவே கட்டிவிட்டார்.

திரையைத் திருப்பினார். நடுவில் சிவப்புக் கோடு. மிருதங்கம் தவறு.

"இது எப்படி டீச்சர்? என் கையோட சரியாத்தானே வந்து சேர்ந்தீங்க?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மெல்லத்தான் உறைத்தது. திரையை எட்டிப் பார்த்தபோது தாளத்தில் ஒரு விரலை எண்ணாமலே விட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் தன் கணக்கை விடவில்லை. அவள்தான் அவர் கணக்குக்கு இறங்கி வந்திருக்கிறாள், அவருக்கே தெரியாமல்.

வெட்கமாக இருந்தது. பழைய கச்சேரி ஞாபகம் வந்தது.

"அப்ப அன்னிக்குத் தாளத்தை விட்டது பாடின பொண்ணா? இத்தனை வருஷமா ஏன் டீச்சர் சொல்லல? இதுக்குப் பாட்டையும் கேக்கச் சொல்லிக் கொடுத்துடறேன். சிவப்பை அந்தப் பொண்ணு பேர்ல மாத்திடலாம். எல்லாருக்கும் தெரியட்டும்."

திலகவதி மிருதங்கத்துக்கு உறை போட்டாள்.

"அவ இப்பவும் பாடிட்டிருக்கா சார். கோடு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அன்னிக்கு அங்க விழணும்னுதான் வாசிச்சேன்."