மூச்சுக்குழாயில் ஓர் ஆப்பு

சுயம்புலிங்கம் அறுபத்தோராவது வயதில் சீடரானார். குரு அவரைவிட இருபத்துமூன்று வயது இளையவள்.

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களுக்குப் போகிற சாலையில் ரொசாலியின் பட்டறை இருந்தது. விசைப்படகு, வேன், லாரி, தண்ணீர் இறைக்கிற எஞ்சின் என்று டீசல் குடிக்கிற எதுவாக இருந்தாலும் அவள் பிரித்துப் போட்டுப் பூட்டிக் கொடுத்துவிடுவாள். என்ன பழுது என்று கேட்டு வருகிறவர்களிடம் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பாள். அதனால் சுற்றுவட்டாரத்தில் அவள் பெயரே டீச்சர் என்று ஆகிவிட்டது.

சுயம்புலிங்கம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். முப்பத்தைந்து வருஷம் கொடி பிடித்தவர், நாலு முறை உள்ளே போனவர். கூலி உயர்வு என்ற சொல் மட்டும் காதில் விழாத முதலாளிகளோடு கத்திக் கத்தியே அவருக்குக் குரல் தடித்துப் போயிருந்தது.

சங்கம் ஒரு பழைய டீசல் வேன் வாங்கியிருந்தது. அதற்கு முன்பு ஊர்ப் பெண்கள் ஆள் சேர்க்கிற கங்காணியின் லாரியில்தான் உப்பளத்துக்குப் போனார்கள். லாரியில் ஏறியவளுக்குக் கங்காணி சொன்னதுதான் நேரம், கங்காணி சொன்னதுதான் கூலி. வாயைத் திறந்தால் மறுநாள் லாரி அவள் வீட்டு முனையில் நிற்காது. வேன் வந்த பிறகு அவர்கள் நேராக அளத்துக்குப் போய் நேராகப் பேசினார்கள். அந்த வேன் நின்றால் மறுபடி லாரிதான்.

அப்படிப்பட்ட வண்டியை வெளி மெக்கானிக்குகள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஏமாற்றினார்கள். வண்டி நம்முடையது என்றால் வண்டியின் அறிவும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் முழங்கிவிட்டு, மறுநாள் நோட்டும் பேனாவுமாக சுயம்புலிங்கம் பட்டறை வாசலில் போய் நின்றார்.

ரொசாலி நோட்டைப் பார்த்தாள்.

"அதை உள்ள வைங்க அண்ணாச்சி. நோட்டீஸ் அடிச்சு ஒட்டினா எஞ்சின் படிக்காது."

நாலாவது மாதம் வண்டி கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. பாலத்து ஏற்றத்தில் இழுக்க மாட்டாமல் திணறியது. சுயம்புலிங்கம் தானே ஏர் ஃபில்டரைக் கழற்றினார். காகித மடிப்பெல்லாம் எண்ணெயில் ஊறிக் கனத்திருந்தது. ஃபில்டருக்குப் போகும் காற்றுப் பாதையில், எஞ்சின் தலையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து சேருவதையும், அதன் வாயில் எண்ணெய் கசிந்து நிற்பதையும் கண்டுபிடித்தார். அன்று அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

ஃபில்டருக்கு எண்ணெய் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று குருவிடம் கேட்டார். ரொசாலி ஒரு படகு எஞ்சினுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள்.

"எண்ணெய் எங்கேருந்து வருது?"

"குழாயிலேருந்து."

"குழாய்க்கு?"

அவர் கிளம்பிவிட்டார். இனி இந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருப்பாள், வண்டி ஓடியாக வேண்டும். பூவரசங்கட்டையில் ஓர் ஆப்புச் செதுக்கி, குழாயின் வாயில் அடித்து, மேலே கம்பி போட்டு முறுக்கினார். காற்றுப் பாதையில் இருந்த ஓட்டைக்கும் ஒரு ரப்பர் மூடி போட்டார். புது ஃபில்டரை மாட்டினார்.

ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தார். ஃபில்டர் அப்போதுதான் டப்பாவிலிருந்து எடுத்ததுபோல இருந்தது.

அதைச் சங்கக் கூட்டத்துக்கே கொண்டுபோனார். எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து முத்துக்கனி எழுந்தாள். உப்பு வாருவதில் கெட்டிக்காரி, வாயும் அப்படியே. வண்டிக்குள் எண்ணெய் வாடை தலையைச் சுற்றுகிறது, முன்பைவிட இந்த வாரம்தான் மோசம் என்று ஆரம்பித்தாள்.

குறை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம், இது வேலைத்திட்டம் பேசுகிற நேரம் என்று சுயம்புலிங்கம் அவளை உட்காரவைத்தார். முத்துக்கனிக்கு எழுதத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

ஆப்பு அடித்த எட்டாம் நாள் விடிகாலையில், அளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சினுக்குள் எதுவோ பொத்தென்றது. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி தன் துளையிலிருந்து தெறித்து வெளியே வந்திருந்தது. துளை வழியாக எண்ணெய் பீய்ச்சியது. எஞ்சினுக்கு முன்பக்கம் அடியிலிருந்தும் ஒழுகியது. பெண்கள் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். பின்னாலேயே கங்காணியின் லாரி வந்து நின்றது.

கங்காணி தலையை வெளியே நீட்டினான். "என்னக்கா, புரட்சி பஞ்சராயிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. கூலியை விட முடியாதவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நாளைக்கும் லாரியில் வருகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த சீசன் முழுக்க இடம், மற்றவர்களுக்கு மழைக்காலம் வரைக்கும் வேலை கிடையாது என்று கங்காணி அறிவித்துவிட்டுப் போனான்.

ஒரு டிராக்டரில் கட்டி இழுத்து, ஒன்பது மணிக்கு வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். நாளை விடிவதற்குள் அது ஓட வேண்டும்.

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் சுயம்புலிங்கம் வந்தார். ரொசாலி ஏசவில்லை. கம்பியை வெட்டி ஆப்பைப் பிடுங்கினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். நல்ல செதுக்கு வேலை என்று சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள்.

பிறகு எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயை விரலால் மூடிக்கொண்டாள். திறந்த துளையின் மேல் துணி சுற்றிய உள்ளங்கையை வைக்கும்படி அவரிடம் சொன்னாள். வெதுவெதுப்பான காற்று விட்டுவிட்டு அவர் கையில் மோதியது.

"அழுத்திப் பொத்துங்க."

பொத்தினார். கொஞ்ச நேரத்தில் கை தானாக மேலே எழும்பப் பார்த்தது. இன்னும் அழுத்தினார்.

"இப்போ கீழ பாருங்க."

எஞ்சின் முன்பக்கத்து ஆயில் சீலிலிருந்து எண்ணெய் சரமாக இறங்கியது. கையை எடுத்தார். ஒழுக்கு சொட்டுச் சொட்டாகக் குறைந்தது.

ரொசாலி எஞ்சினை நிறுத்தினாள். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே இறங்கும், அது வெளியே போகத்தான் அந்தக் குழாய் என்று மட்டும் சொன்னாள்.

"சரி டீச்சர், அடைச்சது தப்பு. ஆனா ஃபில்டர் அதுக்கு முன்னாடியே நனைஞ்சுதே. அவ்வளவு எண்ணெய் எதுக்கு வருது?"

"தெரிஞ்சவங்க வெளிய நிக்காங்க. கேளுங்க."

வாசலில் முத்துக்கனி நின்றுகொண்டிருந்தாள். அவள் லாரியில் ஏறவில்லை. டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். சேலையின் கீழ்ப்பகுதி முழுக்க எண்ணெய்.

"இவளுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"அது எனக்கும் தெரியாது அண்ணாச்சி. கேட்டாத்தான தெரியும்."

சுயம்புலிங்கம் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எழுதித் தரணுமா தலைவரே, வாயால சொன்னா போதுமா?"

பட்டறையில் ஒருவன் திரும்பிக்கொண்டு சிரித்தான். சுயம்புலிங்கத்தின் காதுமடல் சூடானது.

"வாயால சொல்லு."

முத்துக்கனி சொன்னாள். சீட்டுக் கம்பி குத்துவதிலிருந்து தொடங்கினாள். பிறகு கதவு பூட்டாதது, பாட்டுச் சத்தம், தலைவர் பேச்சின் நீளம் என்று வரிசையாக வந்தது. இரண்டு தடவை அவர் வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் ரொசாலி அவர் கையில் கழுவுவதற்கு ஒரு சாமானைக் கொடுத்தாள். மூன்றாவது தடவை அவரே சாமானை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் எண்ணெய்க்கு வந்தாள். வண்டிக்கு டிரைவர்கள் மூன்று பேர், முறை வைத்து ஓட்டுகிறவர்கள். ஒருவன் கொண்டுவந்து நிறுத்தினதும் அடுத்தவன் அதே சூட்டில், செல்போன் வெளிச்சத்தில் கம்பியை உருவிப் பார்க்கிறான். அளவு குறைவாகத் தெரிகிறது. அரை லிட்டர் ஊற்றுகிறான். அடுத்த முறைக்காரனும் அப்படியே. ஆற விட்டுப் பார்த்தால் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்று ஒருவனுக்குத் தெரியும், அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன் ஊத்துதான்?"

"நீங்க வண்டிக்குள்ள ஒட்டியிருக்கியள்லா. எண்ணெ குறைஞ்சா ஓட்டினவன்தான் பொறுப்புன்னு. கூடினா யாரு பொறுப்புன்னு அதுல இல்லையாம்."

சுயம்புலிங்கம் அந்த நோட்டீஸைத் தானே எழுதியிருந்தார். வாசகம் நன்றாக அமைந்துவிட்டது என்று அப்போது நினைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே. எண்ணெய் எப்படின்னு கேட்டேன். எல்லாம் சரியா இருக்கு தலைவரேன்னுதான் மூணு பேரும் சொன்னானுவ."

முத்துக்கனி ரொசாலியைப் பார்த்தாள். ரொசாலி எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு ஒழுகின பிறகும் இருக்க வேண்டியதைவிட ஒரு லிட்டர் கூடுதலாக இறங்கியது. தொட்டி தளும்பினால் சுற்றுகிற தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும், நுரை புகையோடு சேர்ந்து குழாயேறும் என்று ரொசாலி வாளியில் ஒரு குச்சியைச் சுழற்றிக் காட்டினாள். குழாயின் தலையில் எண்ணெயைத் தடுத்து வடிக்கிற கம்பிவலை ஒன்று இருந்தது. அது கரி பிடித்து ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. சுயம்புலிங்கம் அதை டீசலில் ஊறப்போட்டு மூன்று தடவை கழுவினார். சீல் மாற்றினார்கள். காற்றுப் பாதையில் போட்டிருந்த ரப்பர் மூடியை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுகிறபோது ஒரு முனையை முத்துக்கனி தாங்கிப் பிடித்தாள், ஸ்பானரை இப்படிப் பிடித்தால் எப்படித் திருகுவீர்கள் என்று அவரிடம் ஒரு குறையும் சொன்னாள். அவள் சொன்னபடி பிடித்ததும் திருகு ஏறியது.

வெயில் தாழ்ந்தபோது வண்டி ஓடியது. ரொசாலி சமதரையில் நிறுத்தச் சொல்லி, பத்து நிமிஷம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவி முத்துக்கனியிடம் கொடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிற விதத்தைக் காட்டினாள்.

"இனிமே இது யாரு பார்க்கணும்?" என்று சுயம்புலிங்கம் கேட்டார்.

"வண்டியில போறவங்க."

அவர் வண்டிக்குள் ஏறினார். நோட்டீஸைக் கிழித்து எடுத்தார். பசை கெட்டியாக இருந்ததால் பாதி வரவில்லை.

மறுநாள் விடிகாலையில் ஊர் முனையில் வேனும் லாரியும் அடுத்தடுத்து நின்றன. கங்காணி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேனின் புகைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு வரவில்லை. பதினெட்டுப் பெண்களில் பதினாறு பேர் வேனில் ஏறினார்கள். இரண்டு பேர் தலையைக் குனிந்தபடி லாரிக்குப் போனார்கள். சுயம்புலிங்கம் அவர்களை எதுவும் சொல்லவில்லை. அது அவருக்குப் புதிய பழக்கம், கஷ்டமாகத்தான் இருந்தது.

பாலத்து ஏற்றத்தை வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறியது.

ஒரு மாதம் கழித்து அவர் ஏர் ஃபில்டரைக் கையில் ஏந்திக்கொண்டு பட்டறைக்கு வந்தார். லாரிக்குப் போன இருவரும் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார். வந்த அன்றே, உட்கார இடம் போதவில்லை என்று சண்டை போட்டார்களாம். சங்கக் கூட்டம் இப்போதெல்லாம் மூன்று மணி நேரம் போகிறது. ஆளாளுக்கு எழுந்து நிற்கிறார்கள். டிரைவர்கள்கூடப் பேசுகிறார்கள். போன வாரம் கூலிப் பேச்சுக்கு அளத்து ஆபீசுக்குப் போனபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு பெண்கள் பேசி முடித்து, கேட்டதில் முக்கால்வாசியை வாங்கிவிட்டார்கள். கால்வாசியை ஏன் விட்டீர்கள் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் முத்துக்கனி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்டை காயுது டீச்சர்," என்றார். ஆனால் முகத்தில் காய்ச்சல் இல்லை.

பிறகு ஃபில்டரை நீட்டினார். ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, லேசாக எண்ணெய் ஈரம் படர்ந்திருந்தது.

"எல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். அளவு சரியா இருக்கு. வலையையும் கழுவிட்டேன். அப்பவும் இவ்வளவு வந்திருக்கு. இதையும் நிறுத்த என்ன வழி?"

ரொசாலி ஃபில்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஈரத்தை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தாள். ஃபில்டரை அவரிடமே கொடுத்தாள்.

"இது இருக்கட்டும் அண்ணாச்சி. என்னைக்காவது ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாம காஞ்சு கிடந்தா, அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க. ஓடி வந்து என்னைக் கூப்பிடுங்க."