கண்ணாடிமேல் ஒரு கிளாஸ் டீ

"மெஷின் செத்துப்போகுது, மாஸ்டர்," என்றான் தணிகைவேல்.

"சாகல. நீங்கதான் கொன்னீங்க," என்றாள் செசிலி.

செசிலிக்கு வயது இருபத்தாறு. கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கேம் சென்டரில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவள். தணிகைவேலுக்கு முப்பத்தெட்டு. ஸ்கூல் வேன் டிரைவர். அவளை மாஸ்டர் என்று கூப்பிட அவனுக்கு வெட்கமில்லை. அவனை சார் என்று கூப்பிட அவளுக்கும் ஒன்றுமில்லை.

அந்த சென்டரில் கார் ரேஸ் உண்டு, துப்பாக்கி உண்டு, பொம்மை தூக்குகிற கிரேன் உண்டு. பின்பால் ஒன்றே ஒன்றுதான். மூலையில், மரத்தரையில்.

பின்பால் தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

சாய்வான பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே ஓர் இரும்புப் பந்து. கீழே இரண்டு கைகள். பெட்டியின் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால் கை எழும்பிப் பந்தை அடிக்கும். இரண்டு கைக்கும் நடுவில் ஓட்டை. பந்து அதில் விழுந்தால் போச்சு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்து. பெட்டியைக் கொஞ்சம் தட்டிப் பந்தைத் திருப்பலாம். ரொம்பத் தள்ளினால் விளக்கெல்லாம் அணைந்துவிடும், கை எழும்பாது, பந்து நேராக ஓட்டைக்குப் போய்விடும். தள்ளவும் கூடாது, தள்ளாமல் ஆடவும் முடியாது.

அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் நாள் அவள் சொன்னாள்: "பந்து வரும். ஒண்ணும் பண்ணாதீங்க."

"அடிக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

பந்து வேகமாக வந்தது. இடது கையில் மோதியது. அவன் அழுத்தவில்லை. அது தானாகவே துள்ளி வலது பக்கம் போனது.

"இப்ப வலது பட்டனை அழுத்திக் கையைத் தூக்கி அப்படியே வச்சிருங்க."

வைத்தான். பந்து உருண்டு வந்து அந்தக் கையின் மடியில் உட்கார்ந்தது. சாதுவாக.

"இதுக்கா ஒரு நாளு?"

"எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

அவனுக்கு ஒரு வாரம் ஆனது. அவளுக்கே ஆச்சரியம். காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த பாடத்தில்தான் எல்லாரும் ஓடிப்போவார்கள்.

எதிர்க்கடையிலிருந்து ஒரு கிளாஸ் டீ வாங்கி வந்தாள். பெட்டியின் மேல்மூலையில், கண்ணாடிமேல் வைத்தாள். கண்ணாடி சாய்வு. டீ ஒரு பக்க விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"பந்தைத் தட்டித் திருப்புங்க. டீ சிந்தக் கூடாது."

சிந்தியது.

"துடைங்க. மறுபடி."

சிந்தியது.

"துடைங்க. மறுபடி."

தணிகைவேலுக்கு முன்னால் ஏழு பேர் அவளிடம் கற்க வந்திருந்தார்கள். ஏழு பேரும் இந்த டீ கிளாஸ் பாடத்தோடு போய்விட்டார்கள். ஒருவன் போகும்போது, "பின்பால் கத்துக்க வந்தேன், டீக்கடைல டேபிள் துடைக்க வரல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தணிகைவேல் நாற்பது நாள் துடைத்தான். காலை டிரிப் முடிந்ததும் வருவான். வாசலில் ஷூவைக் கழற்றுவான். மரத்தரையில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும் என்பது அவள் சட்டம். பெட்டி எவ்வளவு அசைகிறது என்று கால் சொல்லுமாம்.

அவன் காலுக்கு எதுவும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் இரண்டாவது பந்திலேயே விளக்கு அணைந்தது. டீயும் சிந்தியது. அவன் துடைக்கவில்லை. வாசலுக்குப் போய் உட்கார்ந்து ஷூவை மாட்டினான்.

"மெஷின் செத்துப்போகுது, மாஸ்டர்."

"சாகல. நீங்கதான் கொன்னீங்க."

அவன் லேஸ் கட்டினான்.

"நாளைக்கு வருவீங்களா?"

அவன் லேஸில் இரண்டாவது முடிச்சுப் போட்டான்.

"பார்க்கலாம் மாஸ்டர்."

இந்த மாதிரிக் கதைகளில் குரு இப்போது சிரிப்பார். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வார். செசிலி இரண்டும் செய்யவில்லை. சாவிக்கொத்தை எடுத்தாள். பெட்டியின் முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்தாள். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு எதையோ கழற்றினாள். ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"சரி பண்றேன். நாளைக்கு வாங்க."

அடுத்த நாள் மெஷின் அணையவில்லை. அதற்கடுத்த நாளும் அணையவில்லை. கண்ணாடிமேல் டீ இல்லை.

டீ எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் சாவிக்கொத்தில் புதிதாக ஒன்று தொங்கியது. கட்டைவிரல் அளவு பித்தளைக் குண்டு, கொத்தனார் சுவர் பார்க்கிற தூக்குக்குண்டு மாதிரி.

"அது என்ன மாஸ்டர்?"

"சாவி தொலையாம இருக்க."

மூன்றே மாதத்தில் தணிகைவேல் பெரிய ஆள் ஆகிவிட்டான். பந்து ஓட்டைப் பக்கம் போனால் இடுப்பால் ஓர் இடி. பெட்டியே நகரும். பந்து திரும்பி வரும். டூரிஸ்ட்டுகள் வீடியோ எடுத்தார்கள். டாப் ஸ்கோரில் முதல் பேர் அவனுடையது. அதற்குக் கீழேதான் செசிலி.

அவனிடமே கற்றுக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள்.

"இடிங்க," என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். "மெஷினுக்குப் போய் பயப்படலாமா? நல்லா இடிங்க."

பக்கத்தில் கார் ரேஸ் மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு செசிலி உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்தது. அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினாள்.

தினமும் காலையில் கடை திறந்ததும் அந்தப் பின்பாலில் அவளும் ஓர் ஆட்டம் ஆடுவாள். ஒரே ஓர் ஆட்டம். அது எட்டு வருஷப் பழக்கம்.

அப்புறம் எட்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து செய்தி வந்தது. அங்கே பெரிய கேம் சென்டர் திறக்கிறார்கள். பின்பால் மட்டுமே பன்னிரண்டு. போட்டி வைக்கிறார்கள். ஜெயிக்கிறவருக்கு அங்கேயே கோச் வேலை.

தணிகைவேல் யோசிக்கவே இல்லை. வேனை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடச் சொன்னான். ஊரெல்லாம் சொன்னான். மனைவி சுகந்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி மகளின் டி.சி.யை வாங்கச் சொன்னான்.

"ஜெயிச்சிட்டு வாங்கலாமே," என்றாள் சுகந்தி.

"என் ஸ்கோரைப் பார்த்தியா நீ?"

சுகந்தி டி.சி.யை வாங்கினாள்.

கிளம்புகிற அன்று கேம் சென்டருக்கு வந்தான். "ஏதாவது சொல்லி அனுப்புங்க மாஸ்டர்."

செசிலி சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"மெதுவா ஆடுங்க."

அவன் சிரித்தான். "மெதுவா ஆடுறவன் ஜெயிப்பானா?"

அவள் வாயைத் திறந்தாள். வெளியே பழனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் ஓடினான்.

கோயம்புத்தூரில் முதல் பந்து. ஓட்டைப் பக்கம் போனது. இடுப்பால் ஓர் இடி. விளக்கு அணைந்தது.

தணிகைவேல் தன் கையைத் தூக்கினான். "சார், மெஷின் ரிப்பேர்."

போட்டி நடத்துகிறவர் நல்ல மனுஷன். பக்கத்து மெஷினில் முதலிலிருந்து ஆட விட்டார்.

முதல் பந்து. இடித்தான். அணைந்தது.

இரண்டாவது பந்து. இடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நின்றான். இடுப்பு தானாகப் போய் இடித்தது. அணைந்தது.

மூன்றாவது பந்துக்குப் பெட்டியைத் தொடவே பயந்து கையை விறைத்துக்கொண்டு நின்றான். பந்து இரண்டு கைக்கும் நடுவில், நேராக, யாரையும் தொடாமல் விழுந்தது.

"இதுவும் ரிப்பேர்," என்றான். குரல் அவனுக்கே கேவலமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. பெட்டியின் முன்கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஓர் இரும்பு வளையம். அதன் நடுவில் ஒரு கம்பி. கம்பியில் கட்டைவிரல் அளவு பித்தளைக் குண்டு.

"ரொம்பத் தள்ளினீங்கன்னா இது ஆடி வளையத்தைத் தொடும். தொட்டா எல்லாம் ஆஃப். எந்த மெஷின்லயும் இது இருக்கும் சார். நீங்க எங்க ஆடிப் பழகினீங்க?"

தணிகைவேல் அந்தக் குண்டையே பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் செசிலி ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றான். உள்ளே போனான். ஷூவோடு மரத்தரையில் நின்றான். முதல் தடவை.

அவள் அவன் ஷூவைப் பார்த்தாள்.

"சாவியைக் குடுங்க."

கொடுத்தாள்.

"இது என்ன மாஸ்டர்?"

"தூக்குக்குண்டு. அதுதான் மெஷினை அணைக்கும்."

"பதினோரு மாசம்."

"ஆமா."

"என் கண்ணு முன்னாடியே தொங்கிட்டு இருந்துச்சு."

"ஆமா."

"நான் ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன். இடிங்க இடிங்கன்னு. நீங்க கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டேன்."

"ஏன் மாஸ்டர்?"

செசிலி பின்பால் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஏழு பேர் போயிட்டாங்க. ஒரு வாரத்துல பந்தைப் பிடிக்கக் கத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் லேஸ் கட்டிட்டு இருந்தீங்க."

"போகட்டும்னு விட்டிருக்கலாமே."

"விட்டிருக்கலாம்."

"வேனாவது இருந்திருக்கும்."

அவள் வெறும் கையை ஜீன்ஸ் பாக்கெட்டில் விட்டாள்.

"பாப்பாவோட டி.சி. பீரோ மேல கிடக்கு. பழைய ஸ்கூல்ல அந்த சீட்டைக் குடுத்துட்டாங்களாம். சுகந்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திட்டினாக்கூடப் பரவால்ல."

"நீங்க என்னைத் திட்டுங்க."

"அதுக்கு வரல."

சின்னக் கதவைத் திறந்தான். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டான். கோயம்புத்தூரில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது நினைவிருந்தது. குண்டைக் கம்பியில் மாட்டி, வளையத்துக்கு நடுவில் நிற்க வைத்து, திருகை இறுக்கினான். கதவைப் பூட்டினான்.

அப்புறம் எதிர்க்கடைக்குப் போனான். கிளாஸ் நிறைய டீ வாங்கி வந்து கண்ணாடியின் மேல்மூலையில் வைத்தான். டீ விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஆடுங்க மாஸ்டர்."

"தணிகை சார்..."

"காலையில ஒரு ஆட்டம் ஆடுவீங்கல்ல. ஆடுங்க."

செசிலி செருப்பைக் கழற்றினாள். பட்டனில் விரலை வைத்தாள். பந்தை விட்டாள்.

அழகாகத்தான் ஆடினாள். வேகமாக வந்த பந்தைச் சும்மா விட்டாள். அது துள்ளி மறுபக்கம் போனது. கையைத் தூக்கி மடியில் பிடித்தாள். நிறுத்தினாள். குறி பார்த்து அடித்தாள். டீ அசையவில்லை. தணிகைவேல் மூச்சு விடாமல் பார்த்தான். அவள் ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. தோன்றியது.

பந்து மேலே முட்டி, திரும்பி, ஓட்டையைப் பார்த்து வந்தது.

செசிலியின் இடுப்பு போய்ப் பெட்டியை இடித்தது. அவனுடைய அதே இடி.

டீ சாய்ந்தது. கண்ணாடி முழுக்க ஓடியது. விளக்கெல்லாம் அணைந்தது. அந்த இருட்டுப் பெட்டிக்குள் பந்து உருண்டு போய் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

செசிலி தன் இடுப்பைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பதினோரு மாதம், தினம் ஓர் ஆட்டம், குண்டில்லாத இதே மெஷின்.

ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்தாள்.

"துடைக்காதீங்க," என்றான் தணிகைவேல். "இன்னும் ரெண்டு பந்து இருக்கு."